தலைவைத்துப் படுக்காத பக்கம்

கோதன்பர்க்கில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
ஐந்தாம் மாடியில், கதவடைத்த அறையில்,
லேசர் ஒன்று தகட்டைத் தொட்டுத் திரும்புகிறது.
தகட்டின்மேல் தண்ணீர்.
தண்ணீரில் நான் விட்ட முதல் சொட்டு.

அதன் முழுப்பெயர் நீளம். எங்களுக்குப் ‘பன்னிரண்டு-ஆறு’.
பன்னிரண்டு கார்பன் நீண்ட வால்,
ஆறு கண்ணி கோத்த தலை.
நேர்மின்சுமை இல்லை, எதிர்மின்சுமை இல்லை.
யாரோடும் வம்பு தும்புக்குப் போகாத பிறவி என்றுதான்
உமேயோவிலிருந்து ரயிலேறி வந்த புதிதில்
நானும் நினைத்திருந்தேன்.

சுமை இல்லாததற்கும் பக்கம் உண்டு.

சுத்தமான சிலிக்கா நீருக்கு உறவு.
மூன்று நாள் மழிக்காத தாடைபோல
அதன்மேல் எங்கும் ஹைட்ராக்சில் முனைகள்.
தலை அங்கே போய் ஒட்டும்,
ஆனால் அவசரப்படாது.
ஒன்றிரண்டு வரும், தங்காமல் போகும்.
சொட்டுச் சொட்டாய்க் கூட்டிக்கொண்டே இருந்தாலும்
வரைகோடு தரையோடு தரையாய்க் கிடக்கும்.
பிறகு, மைசெல் திரளும் எல்லைக்குச் சற்றே முன்னால்,
கதவு திறந்த கடைக்குள்போல்
எல்லாம் ஒரே நேரத்தில் நுழையும்.
ஒரு வரிசை தலையைச் சுவருக்குக் கொடுக்கும்.
மறு வரிசை அதன் வாலுக்குள் வால் செருகித்
தலையை நீருக்கு நீட்டும்.
ஐந்து நானோமீட்டர்.

அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

முதல் சொட்டுக்கே ஏறியது கோடு.
இரண்டாம் சொட்டுக்கு இன்னும்.
இரண்டரையில் போய் நின்றது,
அதற்குமேல் எவ்வளவு ஊற்றியும் அசையவில்லை.
வேறு தகடு. அதே இரண்டரை.
இன்னொன்று. அதே.

நனைந்த கோட்டோடு குன்வோர் எக்ஸ்ட்ராண்ட் வந்தாள்.
ஒன்றும் கேட்காமல்
காய்ந்த தகட்டின்மேல் ஒரு துளி நீர் விட்டாள்.
பரவவில்லை.
முட்டைக்கோஸ் இலையில் நிற்பதுபோல்
உருண்டு நின்று எங்களைப் பார்த்தது.

எண்ணெய்ச் சுவர்.
அங்கே முதலில் ஒட்டுவது வால்.
காலி ரயில்பெட்டியில் பெஞ்சு முழுக்க
நீட்டிப் படுத்துக்கொள்ளும்;
ஆள் ஏற ஏற எழுந்து, ஒடுங்கி, நின்றுகொள்ளும்.
ஒற்றை வரிசை. தலையெல்லாம் நீரில்.
அந்தச் சுவர்ப் பக்கம்
எந்தத் தலையும் தலைவைத்துப் படுக்காது.

நாங்கள் ‘சுத்தம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தோம்.
அது சீட்டைப் படிக்கவில்லை.

ஏட்டைப் புரட்டினாள். அக்டோபர் இருபத்து நான்கு.
சிலேன் ஜாடி. அவளுடைய கையெழுத்து.
அன்று மாலை தொலைபேசி வந்து
பாதி வேலையில் கிளம்பிப் போனவள் அவள்தான்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
மூடி சரியாய்ப் பொருந்தாமல் இருந்திருக்கும்.
இரவு முழுக்க ஆவி கசிந்து
பக்கத்துத் தட்டில் எல்லாவற்றின்மேலும்
மீத்தைல் மயிர் முளைக்கவைத்திருக்கும்.

“மூணு வாரம்” என்றாள்.
“இருபது நாள்” என்றேன்,
ஏதோ தள்ளுபடி தருகிறவனைப்போல.

பிளாஸ்மாப் பெட்டிக்குள் ஊதா வெளிச்சம், பத்து நிமிடம்.
எரிந்துபோனதா என்று பார்க்க மறுபடி ஒரு துளி:
விட்ட இடம் தெரியாமல் பரவிப்போனது.

இரவு ஒன்பது. முதல் சொட்டு. ஒன்றுமில்லை.
நான்காவது. ஒன்றுமில்லை.
அவள் ஆரஞ்சு உரித்தாள், அறையில் உண்ணக் கூடாது என்பதால்
தின்னாமல் கையில் வைத்திருந்தாள்.
ஏழாவது.
“அண்ணனுக்கு மாரடைப்பு, அன்னைக்கு” என்றாள் திரையைப் பார்த்தபடி.
“இப்ப நடக்கிறான். ஊன்றுகோலோட.”
எட்டாவது.
நான் ஏதோ சொல்ல வாய் திறக்கையில்
கோடு செங்குத்தாய் எழுந்தது.
நான்கு புள்ளி ஒன்பது.

பிறகு வெறும் தண்ணீர் ஓடவிட்டோம்.
வந்தது எல்லாம் போயிற்று, ஒரு சண்டையும் இல்லாமல்;
நான்கு, இரண்டு, அரை, பூஜ்யம்.
தகட்டுக்கு யாரும் வந்துபோன நினைவே இல்லை.

ஏட்டுக்கு இருக்க வேண்டுமே.
பேனாவைத் தேடி எடுத்து
அக்டோபர் இருபத்து நான்குக்குக் கீழே எழுதினாள்:
‘மூடி திறந்திருந்தது. கு.எ.’
எழுதிவிட்டு வெளியே வராந்தாவில் நின்று
ஆரஞ்சைத் தின்றாள்.
எனக்குப் பாதி.